டப்பாவை ஆட்டிப் பார்த்தவர்

அடுத்த வீட்டுச் சோற்றை மோப்பம் பிடிப்பதில் எங்கள் தெரு டப்பாக்காரரை மிஞ்சத் திண்டுக்கல்லில் இன்னொருவர் பிறந்துதான் வர வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிடும்போது ஒவ்வொரு சாப்பாட்டு டப்பாவையும் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். “இன்னைக்கும் உப்புமாவா?” என்று தெருவே கேட்க விசாரித்து மானத்தை வாங்குவார். அவருடைய சொந்தப் பெயர் அவர் பெண்சாதிக்காவது தெரியுமோ என்னவோ.

என் தம்பி மகள் தேன்மொழிக்கு ஏழு வயது. இரண்டு மூன்று வார்த்தைதான் பேசுவாள். விரல்களும் சொன்னபடி கேட்காது. அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தேடி நாயாய் அலைந்தோம். ஒரு பள்ளியில், மற்ற பெற்றோர் சங்கடப்படுவார்கள் என்றார்கள். இன்னொன்றில் அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். போனால், வயது கூடிவிட்டதாம். கடைசியில் பைபாஸ் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை அன்போடு வரவேற்பதாக வாசலில் பெரிய போர்டே வைத்திருந்தார்கள்.

டப்பாக்காரர் மட்டும் வேண்டாம் என்றார். மேட்டுத் தெருவில் ஓடு போட்ட அரசுப் பள்ளி ஒன்று உண்டு. “அங்க சேருங்கக்கா. அங்க சின்னப் பிள்ளைக டப்பாகூட காலியாத்தான் வரும்.” எங்கள் வீட்டுப் பிள்ளை அங்கேயா?

“ஏப்பா, நீ வண்டிய மட்டும் ஓட்டு” என்றேன்.

மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டார். “சோறு அப்படியே வருதுக்கா.” தம்பி பெண்டாட்டி சமையல் சரியில்லை என்றேன். நானே சமைத்துக் கொடுத்தேன். அதுவும் அப்படியே வந்தது. பிள்ளைக்குத் திமிர் என்று ஒரு நாள் அடித்தும்விட்டேன். இரண்டு மாதத்தில் பாவாடை அவள் இடுப்பில் நிற்கவில்லை.

அப்போதுதான் அவர் டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “மூடியப் பாருங்க. காலையில நீங்க அமுக்குனது. ஒருத்தரும் தொறக்கவே இல்ல.”

வீட்டில் நாங்கள்தான் அவளுக்குத் திறந்து கொடுப்போம். பள்ளியிலும் யாராவது திறப்பார்கள் என்று நினைத்துவிட்டோம். மறுநாள் அவர் வேனிலேயே போய்க் கேட்டேன். முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மூடி திறக்க நாங்கள்தான் ஆள் போட வேண்டும் என்றார் டீச்சர், சிரித்த முகமாகவே. நான் கிளம்பப் பார்த்தேன். பின்னாலேயே வந்து நின்ற டப்பாக்காரர் விடவில்லை.

“அம்புட்டுப் பெரிய போர்ட மாட்டத் தெரிஞ்சவுகளுக்கு இம்புட்டு மூடியத் தொறக்க முடியலையோ?”

அடுத்த வாரமே அவர் வேன் அந்த வாசலுக்கு வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அவரை நம்பி வந்த பதினொரு பிள்ளைகளும் வேறு வண்டிக்குப் போனார்கள். போர்டு மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தேன்மொழியை மேட்டுத் தெருவில் சேர்த்தோம். முதல் வாரம் அவரே கூட்டி வந்தார். ஒரு நாள் டப்பாவை ஆட்டிவிட்டுத் திறந்தும் பார்த்தார். என்ன வெஞ்சனம் வைத்தீர்கள் என்று கேட்டார். அவரைக்காய் என்றேன்.

“உள்ள பீட்ரூட்டு ஒட்டியிருக்கு.” விரலால் சுரண்டிக் காட்டினார். “பிள்ளைக்குக் கூட்டாளி கெடச்சிருச்சுக்கா.”

இப்போது வத்தலக்குண்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். எப்போதாவது சாயங்காலம் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவார். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வண்டிச் சத்தம் கேட்டால், தேன்மொழியின் டப்பாவைக் கழுவாமல் எடுத்து வைக்கிறேன்.

ஆட்டிப் பார்க்கட்டும்.