மில்லிமீட்டர் பாயும் மீன் காட்டும் பெட்டியும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஏரிக்கரையில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது, தண்ணீருக்கு நடுவே விரிந்திருந்த ஒரு கறுப்புக் குடை. மழை இல்லை. வெயில் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. குடைக்குக் கீழே ஒரு படகு, படகில் ஒருவர். கையில் இருந்த சின்னப் பெட்டியை, மகனின் மார்க் ஷீட்டைப் பார்க்கும் அப்பா மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் மில்லிமீட்டர் பாய். மீன் தேடும் கருவியை வாங்கி, அதை வைத்து ஒரு மீனைக்கூடத் தேடாத மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆம்பூரில் இருக்கிறார்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். தோலின் கனத்தை அளக்கக் கடிகாரம் மாதிரி முகம் கொண்ட கேஜ் ஒன்று உண்டு. அதன் வாயில் தோலைச் செருகினால் முள் நகர்ந்து கனத்தைச் சொல்லும். ஓய்வு பெற்ற நாளில் சால்வை வேண்டாம் என்று சொல்லி அந்தக் கேஜைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று முதல் அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பரோட்டா வந்தால் ஒரு இதழைப் பிரித்துச் செருகுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் கனம், அப்புறம்தான் தேதி.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஆம்பூர் நிருபர். அறிமுகமான அன்றே என் பத்திரிகையின் தாளைக் கேஜில் வைத்தார்.

"போன வருஷத்தவிட கம்மி பண்ணிட்டாங்க சார். உங்களுக்குச் சொன்னாங்களா?"

சொல்லவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். அதிலிருந்து பாயின் பேச்சுக்கு என்னிடம் மரியாதை கூடியது.

மனிதர்களையும் தோல் மாதிரியே தரம் பிரிப்பார். வார்டு கவுன்சிலர் மேலே பளபளப்பு, வயிற்றுப் பக்கம் லூஸ். நான் பி கிரேடு. நல்ல சாயம் போட்டால் ஏ கிரேடில் தள்ளிவிடலாம். செல்வத்தை மட்டும் அவர் தரம் பிரித்து நான் கேட்டதில்லை.

செல்வம் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு ஏரியில் இறங்கி வீச்சு வலை போட்டு, பிடித்த மீனைக் கரையிலேயே விற்றுப் பிழைத்தார். நீச்சல் தெரியாது. தேவையும் இருந்ததில்லை, இடுப்பளவு தண்ணீரில் அரை மைல் நடக்கலாம், அப்படிச் சமமான ஏரி. (பெயரை எழுதவில்லை. எழுதினால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும்.) பிறகு ஒரு கோடையில் வண்டல் மண் எடுக்க லாரிகள் வந்தன. ஜேசிபி தனக்குப் பிடித்த இடத்தில் எல்லாம் தோண்டியது. மழை பெய்து ஏரி நிரம்பியபோது மேலே பார்க்க எல்லாம் ஒரே சமமாக இருந்தது.

செல்வம் கரையோரத்தில் இறங்கினார். முதல் அடி முழங்கால் அளவு. இரண்டாவது அடியில் ஆளே இல்லை. கரையில் நின்றிருந்த பாய், குடையின் வளைந்த பிடியைச் செல்வத்தின் சட்டைக் காலரில் மாட்டி இழுத்துப் போட்டார். செல்வம் தண்ணீர் கக்கிக்கொண்டிருக்கும்போதே பாய் டேப்பை எடுத்து அளந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. ஒரு மணி நேரம் கழித்துதான் அளந்தார்.

"குடையும் என் கையும் சேத்து ஆயிரத்து அறநூறு. இவன் இருந்த இடம் ஆயிரத்து ஐநூத்தி தொண்ணூறு. பத்து மில்லிமீட்டர்ல தப்பிச்சான் சார்."

அதற்கப்புறம் செல்வம் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. கணுக்கால் தண்ணீரில் மீன் கிடையாது. வலை டீக்கடைக் கூரையில் காய்ந்தது. ஓசூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செக்யூரிட்டி வேலை இருக்கிறது, தை பிறந்ததும் போய்விடுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பாய் ஒரு படகு வாங்கினார்.

ஏலகிரியில் ஒரு விடுதி கழித்துப் போட்ட, காலால் மிதித்து ஓட்டும் படகு அது. முன்னால் ஒரு அன்னத்தின் கழுத்து இருந்தது. பார்வையை மறைக்கிறது என்று பாய் அதை அறுத்துவிட்டார். ஆகவே ஏரியில் தலையில்லாத அன்னம் ஒன்று வலம் வர ஆரம்பித்தது. பாய் அதன் முதுகில் உட்கார்ந்து மூங்கில் கம்பை விட்டு ஆழம் பார்த்தார். கம்பு சேற்றில் இறங்கிக்கொண்டே போனது. ஒரே இடத்தில் மூன்று முறை அளந்தால் மூன்று ஆழம் வந்தது.

"இன்னா அளவு சார் இது? நான் எவ்ளோ அழுத்தறனோ அவ்ளோ ஆழம் காட்டுது."

படகில் வைக்கிற மீன் காட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது, அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி ஆழத்தையும் சொல்லும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பாய் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். விலையில் ஒரே ஒரு கட்டுப்பாடு: அவர் தொழிற்சாலைத் தோலில் செய்த ஒரு ஜோடி ஷூ வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகிறதோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கூடாது.

நான்கு நாள் டீக்கடையில் போனை வைத்துக்கொண்டு படித்தேன். முதல் வகை ஒரு பந்து. தண்ணீரில் எறிந்தால் போனில் படம் வரும். பாய் உடனே நிராகரித்தார். அவர் போனில் மதியம் வரைக்கும்கூட சார்ஜ் நிற்காது. தவிர, ஆழம் பார்க்கும் நேரத்தில் சம்பந்தி கூப்பிடுவார். இரண்டாவது வகை பெரிய கலர் திரை. ஏரியின் வரைபடத்தையே போட்டுத் தரும். விலை நான்கு ஜோடி ஷூ. "வரைபடத்துக்கு என்கிட்ட நோட்டு கீது" என்றார். மிச்சமிருந்தது மூன்றாவது வகை: உள்ளங்கை அளவு பெட்டி, கறுப்பு வெள்ளைத் திரை, நாலு சின்ன பேட்டரி, ஒரு வயர், வயரின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவு சென்சார்.

அதிலும் பல. பாயின் கேள்விகளுக்கு முடிவில்லை. ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்து கீழே போகிறது என்று விளக்கினேன். அதிகம் விரிந்தால் நிறைய மீன் தெரியும்; குறைவாக விரிந்தால் நேர் கீழே இருக்கும் ஆழம் சுத்தமாகத் தெரியும். உலகத்தில் இந்தப் பெட்டி வாங்குகிற எல்லோரும் விரிந்ததைக் கேட்பார்கள். பாய் குறுகினதைக் கேட்டார். முழங்கால் ஆழத்துக்குக் குறைந்த தண்ணீரில் எதுவும் காட்டாது என்றேன்.

"முட்டி தண்ணில எவன் முங்கப் போறான். அங்க அது பேசாம இருக்கட்டும்."

வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். "குடை கீது" என்றார் பாய்.

எல்லாம் முடிந்து பணம் கட்டும் இடத்துக்கு வந்தபோது கடைசி வரியைப் படித்தேன். ஆழத்தைப் பாயிண்ட் ஒரு மீட்டர் வரை துல்லியமாகக் காட்டும்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பாயிண்ட் ஒண்ணு மீட்டரா? நூறு மில்லிமீட்டர் சார் அது. நான் பாயிண்ட் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லாட் தோலையே திருப்பி அனுப்பனவன்."

அன்று வாங்கவில்லை. மறுநாளும் வாங்கவில்லை. மூன்றாம் நாள் பாய் டேப்போடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வத்தை எழுப்பி நிறுத்தினார். செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலிலிருந்து மேலே அளக்க ஆரம்பித்தார்.

"இன்னா பாய், ஓசூருக்குப் போறதுக்கு கோட்டு தைக்கப் போறியா?"

"மூச்ச உள்ள இழுக்காத. சும்மா நில்லு."

நோட்டில் எதையோ எழுதினார். என் பக்கம் திரும்பி, "வாங்கிடுங்க சார்" என்றார்.

பெட்டி வந்தது. பாய் அதற்கு ஒரு உறை தைத்தார். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் வீட்டில் டிவி ரிமோட்டுக்கு உறை உண்டு, கண்ணாடிக் கூட்டுக்கு மேலே இன்னொரு கூடு உண்டு. பெட்டிக்கு ஒன்று, சென்சாருக்குத் தனியாக ஒன்று. சென்சாரின் உறை நல்ல ஆட்டுத்தோல். உள்ளே ஷூவில் பாதத்துக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்சு. வாயில் ஷூ ஒட்டும் பசை. "கல்லுல கில்லுல இடிச்சா இன்னா ஆவறது" என்றார்.

முதல் நாள் ஏரியில் திரை எண்ணுக்குப் பதில் மூன்று கோடுகளைக் காட்டியது. இரண்டாம் நாளும் மூன்று கோடுகள். ஏரிக்கு அடியே கிடையாது என்பது அதன் கட்சி. பாய் சொல்லச் சொல்ல நான் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். சென்சாரைத் தண்ணீரில் வைத்தீர்களா என்று பதில் வந்தது. பாய்க்கு அவமானமாகிவிட்டது. சென்சாருக்கு ஸ்பாஞ்சு வைத்துத் தோல் உறை தைத்தீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை. உலகத்தில் எந்தக் கம்பெனியும் அப்படிக் கேட்காது.

மூன்றாம் நாள் செல்வம் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், அது சத்தம் வுட்டுத்தான பாக்குது?"

"ஆமா."

"தலகாணில வாய வெச்சிக் கத்துனா எனக்குக் கேக்குமா?"

பாய் உறையைப் பார்த்தார். செல்வத்தைப் பார்த்தார். மறுபடி உறையைப் பார்த்தார். பிறகு பேனாக்கத்தியை எடுத்து, தன் கையால் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். சென்சாரை வெறுமையாகத் தண்ணீரில் விட்டதும் திரையில் 1.4 என்று வந்தது. படகை ஒரு படகு நீளம் நகர்த்தினோம். 3.9.

பீடி செல்வத்தின் கையில் அணைந்துபோனது. அன்று அவர் மூழ்கிய இடம் அது.

பத்தொன்பது காலைகள் அளந்தோம். பாய் மிதிப்பார், நான் குடை பிடிப்பேன், அவர் எண்ணைச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். இடையிடையே பெட்டி பீப் என்று கத்தி மீன் படம் காட்டும். சின்ன மீன், நடு மீன், பெரிய மீன் என்று அதுவே தரம் பிரித்ததில் முதல் நாள் மட்டும் பாய் கொஞ்சம் மகிழ்ந்தார். பெரிய மீன் என்று காட்டியது மூழ்கிப்போன சீமைக்கருவேலங்கிளை என்று தெரிந்த பிறகு அதன் மேல் மரியாதை போய்விட்டது. "உன்ன எவன்யா கேட்டான்" என்று அதட்டி, பீப்பை எப்படி அணைப்பது என்று என்னைக் கையேட்டில் தேடச் சொன்னார். பள்ளங்களின் ஓரமாக மூங்கில் கம்புகள் நட்டார். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயம் போட்ட கழிவுத்தோல் துண்டு.

மார்கழி கடைசியில் ஒரு காலை, செல்வம் கூரையிலிருந்து வலையை எடுத்து வந்தார். லுங்கியை மடித்துக் கட்டினார். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அங்கே நின்றார். பாய் படகில் இருந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. குடையை மடக்கி, பிடியைக் கரைப் பக்கம் திருப்பி மடியில் வைத்திருந்தார்.

செல்வம் இன்னும் நாலு அடி நடந்து கம்பைக் கையால் தொட்டார்.

"பாய், இதுக்கு அந்தாண்ட?"

"அந்தாண்ட உனக்கு இன்னா வேலை?"

வலை விரிந்து விழுந்தது. எட்டு ஜிலேபிக் கெண்டை வந்தது. ஒன்றின் செதிலைப் பாய் கேஜில் வைத்துப் பார்த்தார்.

தை பிறந்தது. ஓசூர் வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் எனக்கும் வேலூருக்கு மாற்றலானது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஏரியில் இறங்கிப் பார்த்தேன். கம்புகள் நிற்கின்றன. மழைக்கு மழை அளந்து மாற்றி நடுகிறாராம். பாயும் என்னைப் போல ஆறடி. எங்களுக்குக் கம்பருகே தண்ணீர் வயிறு வரைதான் வருகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டிருக்கலாமே, மீன் ஜாஸ்தி கிடைக்குமே என்று கேட்டேன். பாய் நோட்டைக் கொடுத்துவிட்டு டீ சொல்லப் போனார்.

முதல் பக்கத்தில் இரண்டே வரி. செல்வம், குதிகால் முதல் நெஞ்சு வரை: 1200. கம்பு: 1100.