சமையலறைச் சுரங்கம் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கேயும் நலமாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் மகள் இந்நேரம் போன் பண்ணியிருப்பாள். வீட்டை விற்றுவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொன்னீர்கள். வருகிறோம். ஆனால் நடுவில் ஒரு சங்கடம்.

சமையலறைத் தரையை மாற்றும்போது கொத்தனாரின் கடப்பாரை கைநழுவிப் பூமிக்குள் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் சுரங்கம்! தவழ்ந்துதான் போக முடியும். கல்லூரி ஆசிரியை ஒருவர் வந்து பார்த்து, "எப்படியும் எண்ணூறு வருஷம் இருக்கும். இந்தப் பக்கம் இப்படி நிறைய இருக்கு. எதுக்குன்னுதான் யாருக்கும் தெரியல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரியாதது எங்கள் தெருவுக்கே தெரிந்திருந்தது. முடிதிருத்துபவர், கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஒளிந்த இடம் என்றார். புகை போட்டால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்களே என்று கேட்டேன்; அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எதிர்வீட்டம்மா, குள்ளர்கள் தோண்டியது என்கிறார். வீடு வாங்க வந்தவரிடம் தையல்காரர், "செத்தவங்க உயிர் மேல போறவரைக்கும் காத்திருக்கிற எடம் சார்" என்று சொல்லித்தொலைக்க, அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

ஆவி எதுவும் இல்லை என்று காட்ட நானே இறங்கினேன். பானை ஓடு இல்லை, எலும்பு இல்லை, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வட்டத் துளை. தலை போனது, தோள் போனது, தொப்பை போகவில்லை. பின்னாலேயே வந்த உங்கள் அத்தை, "மூச்ச விடுங்க! இன்னும் விடுங்க! கல்யாணத்தப்ப இருந்த மாதிரி ஆகுங்க!" என்று காலைப் பிடித்து இழுத்த இழுப்பில் முதுகில் சடக்கென்று ஒரு சத்தம். வெளியே வந்து நிமிர்ந்தேன் மாப்பிள்ளை, பத்து வருஷமாகக் கூனியிருந்த முதுகு நேராக நிற்கிறது! துளைக்குள் நுழைந்து வந்தால் நோய் கழன்றுவிடும் என்றும் ஒரு கதை உண்டாம். கேட்க வேண்டுமா, இப்போது தெருவே எங்கள் சமையலறையில் வரிசையில் நிற்கிறது, முடிதிருத்துபவர் உட்பட.

இந்தக் கூட்டத்தில் மனிதன் குடியிருக்க முடியாது. நாளை கொத்தனார் சிமென்ட் போட்டு அடைக்கிறார். பிறகு வீட்டு விற்பனை, பிறகு உங்கள் வீடு.

மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் நிறைந்த ஆசிகளோடு,
மாமா.

பி.கு.: கொத்தனார் வந்தார். குழைத்த சிமென்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரே ஒரு தடவை சார்" என்று உள்ளே போனார். சிமென்ட் கல்லாகிவிட்டது. அவர் இன்னும் வெளியே வரவில்லை, உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம்தான் வருகிறது. உங்கள் அத்தை எல்லாருக்கும் காப்பி கொடுத்தபடி, "இந்த வீடு இவ்ளோ நல்லா இருந்ததே இல்லங்க" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நாங்கள் வரவில்லை. நீங்கள் வாருங்கள், சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாருங்கள்.