சம்பந்தப்பட்டவர்கள் பேசக் கூடாது

பெற்றவர்களின் குழந்தைப் பருவத்தை, பெற்றவர்களின் தொந்தரவு சிறிதும் இல்லாமல் கண்டுபிடித்து எழுதிய குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்து பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டில் கோப்புகள் இல்லாத குறை தெரிய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கையெழுத்துப் போட ஒன்றுமில்லை. சில நாள் செய்தித்தாளின் ஓரத்தில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தம் குடும்ப வரலாற்றை அச்சடித்துத் தெருவெல்லாம் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக எல்லாருமே மாவீரர்கள். ஒருவராவது சும்மா உட்கார்ந்திருந்ததாகத் தெரியவில்லை. நாம் மட்டும் என்ன இளைத்தவர்களா? அப்பா அம்மாவின் அறுபதாவது திருமண நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ‘தம்பதியர் இளம்பருவ ஆய்வுக் குழு’ அன்று மாலையே உதயமாயிற்று.

தலைவர் நான். உறுப்பினர்கள், கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் என் தங்கையும் வக்கீலான அவள் கணவரும். கூட்டங்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்தன. ஆய்வுக்குரிய தம்பதியர் பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தேதான் இருந்தது.

முதல் கூட்டத்திலேயே மாப்பிள்ளை ஒரு சட்டச் சிக்கலை எழுப்பினார்.

“மச்சான், மாமாவும் அத்தையும் இதுல சம்பந்தப்பட்டவங்க. தன்னைப் பத்தித் தானே சொல்றது சாட்சியே இல்ல. கோர்ட்ல நிக்காது.”

“நாம கோர்ட்டுக்கா போகப் போறோம்?” என்றாள் தங்கை.

“போனா?”

சம்பந்தப்பட்டவர்கள் பேசக் கூடாது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பக்கத்து அறையில் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

இப்படியாக எங்கள் ஆய்வு பாரபட்சமற்ற பாதையில் நடை போட்டது. அப்பா முதலில் நடந்த நாளைப் பற்றிச் சாட்சி சொல்லச் சித்தப்பா வரவழைக்கப்பட்டார். அவர் அப்பாவுக்குப் பத்து வயது இளையவர், அந்தச் சமயத்தில் பிறக்கவே இல்லை. அதனால் விருப்பு வெறுப்பு இல்லாமல் பேசினார். “அண்ணன் தவழவே இல்ல. எழுந்தாரு, நடந்தாரு” என்று அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்தோம். பக்கத்து அறையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

அம்மாவின் தரப்பில் பிறக்காத சாட்சிகூடக் கிடைக்கவில்லை. தங்கை கைகொடுத்தாள். அந்தக் காலத்துப் பெண் குழந்தைகள் எல்லாரையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி எடுத்தாள். அதன்படி அம்மா அடக்கமான, அதிகம் பேசாத குழந்தை. அவருக்கு அறுபது சதவீதம் தட்டம்மை வந்திருந்தது. ஒன்றேகால் தம்பிகள் இருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் ஆய்வின் சிகரம். தீர்மானத்தைப் பற்றி யாரும் சொல்லாததால், அம்மா தன் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். மரக்குதிரைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை. மொட்டைத் தலை, தொளதொள அரைக்கால்சட்டை, உலகத்தையே மிரட்டுகிற முறைப்பு.

“இது...” என்று அம்மா வாயெடுத்தார். தலைவர் என்ற முறையில் நான் கையமர்த்தினேன். புகைப்படம் ஏற்கப்பட்டது. கொண்டுவந்தவர் ஏற்கப்படவில்லை.

படத்திலிருப்பது யார் என்ற ஆய்வு உடனே தொடங்கியது. கால்சட்டை போட்டிருப்பதால் ஆண் குழந்தை. தம்பதியரில் ஆண் ஒருவர்தான். ஆகவே அது அப்பா. அந்த முறைப்பில் வருங்கால நிர்வாகத் திறமை தெரிவதாக நான் சொன்னதைக் குழு கைதட்டி வரவேற்றது.

“டேய், அது நான்டா” என்றார் அம்மா. “காய்ச்சல் வந்து மொட்டையடிச்சிருந்தாங்க. எங்கண்ணனோட கால்சட்டையை மாட்டி விட்டாங்க. சின்ன வயசுப் படம்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

மாப்பிள்ளை வருத்தத்துடன் எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். அப்பாவும் எழுந்து வந்தார்.

“அவ சொல்றது நிஜம்தான். கல்யாணமான புதுசுலயே என்கிட்ட காட்டினா. குதிரை மேல ஏற விடலைன்னு அந்தக் கோபம்.”

“மாமா, நீங்க ரெண்டு மடங்கு சம்பந்தப்பட்டவங்க” என்றார் மாப்பிள்ளை. “உங்க கேஸு ஒண்ணு, பொண்டாட்டி கேஸு ஒண்ணு.”

அப்பா, இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது யார் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அம்மா லேசில் விடவில்லை. நான் குளிக்கப் போகும்போதும் செருப்பு மாட்டும்போதும் வந்து நின்றார். புத்தகமே வேண்டாம், படத்துக்குக் கீழே பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார்.

“நான் போனப்புறம் பேரப்பிள்ளைங்க இதைப் பார்த்துத் தாத்தான்னு சொல்லுமேடா. இப்படி ஒருத்தி இருந்தான்னே தெரியாமப் போயிடுமே.”

பெற்றவள் அல்லவா? எழுத்துமூலம் மனு கொடுக்கச் சொன்னேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பரிவோடு பரிசீலித்தோம். மனுவில் கையெழுத்துப் போட்டவர் சம்பந்தப்பட்டவராக இருந்ததால் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

நூல் வெளியீட்டு விழா சிறப்பாக நடந்தது. அட்டையில் அந்தப் படம். அதன் கீழே, ‘மூன்று வயதில் அப்பா’. அம்மாவின் பகுதியில் படம் வரவேண்டிய இடத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘படம் கிடைக்கவில்லை’ என்று நேர்மையாக அச்சிட்டிருந்தோம். தலைமை தாங்கிய எதிர்வீட்டுக்காரர் அட்டையை உயர்த்திக் காட்டி, “என்ன ஆண்மை பாருங்க, மீசை ஒண்ணுதான் பாக்கி” என்றார். பொறாமையோடு அட்டையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இத்தனை கூட்டங்களும் நடத்தலாம்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாமலே அப்பா மைக்கை வாங்கிக்கொண்டார். அட்டையைத் தடவிப் பார்த்தார்.

“என் மகன் கஷ்டப்பட்டு எழுதியிருக்கான். என் சின்ன வயசு எனக்கே ஞாபகம் இல்ல, அதனால நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இந்தப் படத்துல இருக்கிற பிள்ளை இருக்கே, இதைத்தான் நான் கட்டிக்கிட்டேன். இத்தனை வருஷம் ஆச்சு, அந்த முறைப்பு கொஞ்சமும் குறையல.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா தன்னையே மணந்துகொண்டதாகப் பொருள் வருவதால் அந்தப் பேச்சை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கினோம்.

எல்லாரும் போன பிறகு அம்மா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“பக்கத்து ரூம்லதானேடா இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

என்ன செய்வது? பழைய ராஜாக்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் நூலில் இருக்கும் ஒரே குறை, சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு இருப்பதுதான். அடுத்த பதிப்புக்குள் அதுவும் நீங்கிவிடும் என்று குழு நம்புகிறது.