மண்ணெண்ணெய் பாக்கி கேட்கப் போனேன்

பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிறவனுக்குத்தான் நாட்டைத் திருத்த நேரம் நிறையக் கிடைக்கிறது. வேலை கிடைத்துவிட்டால் நாடு எப்படியோ போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை பே கோபுரத் தெருவில், அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு நான் நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். பி.ஏ. பொருளாதாரம், மூன்றாம் வகுப்பு. (மூன்றாம் வகுப்பு என்பதை மெதுவாகச் சொல்வேன். பொருளாதாரம் என்பதை அழுத்திச் சொல்வேன்.)

அண்ணனுக்கு அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலை. விடிந்ததும் போய் இருட்டியபின் வருவார். வீட்டை நடத்தியது அண்ணி சரோஜா. இரண்டு குழந்தைகள், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், என்னையும் சேர்த்தால் மூன்று குழந்தைகள்.

தினமும் மத்தியானம் எங்கள் வீட்டு முன் அறையில் சபை கூடும். என்னைப் போலவே பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாத நண்பர்கள். உலகத்தில் எங்கே என்ன தப்பு நடந்தாலும் எங்களுக்குத் தெரியாமல் போகாது. பேச்சு சூடாகும்போது நான் உள்ளே பார்த்து, "அண்ணி, காபி!" என்று குரல் கொடுப்பேன். செல்வம் என்ற நண்பன், "அண்ணி, எனக்கு மட்டும் சக்கரை கொஞ்சம் ஜாஸ்தியா" என்று சேர்த்துக்கொள்வான். காபி வந்துவிடும். திறந்தால் குழாயில் தண்ணீர் வருவது மாதிரி, கேட்டால் காபி வரும் என்றே நினைத்திருந்தேன். (எங்கள் தெருக் குழாயில் திறந்தவுடன் தண்ணீர் வந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.)

கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்கள் இருந்தன. செங்கம் பக்கத்து உறவுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கப் போகிறார்கள். அன்று காலை எனக்கு வந்த காபியில் வெல்லம் போட்டிருந்தது.

"சக்கரை இல்லையா அண்ணி?"

"தீந்துபோச்சு தம்பி. வெல்லம் உடம்புக்கு நல்லதுதான், குடிங்க" என்றார். பிறகு ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்தார். "ஊருலேந்து ஆளுங்க வந்துட்டா ஸ்டவ் நாள் முழுக்க எரியும். கார்டுல கிருஷ்ணாயில் இன்னும் எவ்ளோ பாக்கி இருக்குனு கேட்டுட்டு வந்துடுங்க. அத மட்டும் கேட்டா போதும் தம்பி."

அந்த 'அத மட்டும்' எவ்வளவு அனுபவத்தில் வந்த வார்த்தை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

ரேஷன் கடையில் வரிசை தெருமுனை வரை நின்றது. என் முறை வரும்வரை பொழுதுபோக வேண்டுமே என்று, வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் வீட்டு ரேஷன் கார்டைத் திறந்து படித்தேன். என்ன வாங்கினாலும் கடைக்காரர் அதில் குறித்துக் கையெழுத்துப் போடுவார். சர்க்கரைக் கட்டத்தில் அந்த மாதத்துக்கான இரண்டு தவணையும் 'வாங்கியாச்சு' என்று குறித்திருந்தது.

வாங்கியாச்சா? வீட்டில் ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை. வெல்லக் காபியின் ருசி நாக்கிலேயே சாட்சியாக இருக்கிறது. ஆக, கொடுக்காத சர்க்கரையைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். மூன்று வருஷம் பொருளாதாரம் படித்த மூளை இந்த முடிவுக்கு வர மூன்று விநாடிகூட எடுக்கவில்லை.

கடைக்காரர் தணிகாசலம் அதிகம் பேசாத மனிதர். தராசைப் பார்த்தபடியே, "இன்னா தம்பி?" என்றார்.

"இந்தச் சர்க்கரையை யார் வாங்கினது?"

"உங்க வீட்லதான்."

"எங்க வீட்ல சர்க்கரையே இல்லையே!"

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?"

இன்று யோசித்தால், அதைவிட நியாயமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. அன்று எனக்கு அது திருடனின் பதிலாகக் கேட்டது. கடை ஓரமாக ஒரு காலி மண்ணெண்ணெய் டிரம் நின்றது. அதன்மேல் ஏறிவிட்டேன்.

"தாய்மார்களே! எங்கள் அட்டையில் சர்க்கரை இருக்கிறது! எங்கள் அடுப்படியில் இல்லை! நடுவில் அது எங்கே போனது?"

கைதட்டல்! என் வாழ்வில் நான் வாங்கிய முதல் கைதட்டல். வரிசையில் தன் வீட்டுக் கார்டோடு நின்றிருந்த செல்வம்தான் ஆரம்பித்து வைத்தான். பிறகு வரிசையே சேர்ந்துகொண்டது. "எனக்குக்கூட போன மாசம் கம்மியாதான் போட்டாரு" என்று ஒருவர். "அரிசியில கல்லு" என்று இன்னொருவர். கைதட்டல் மண்டைக்கு ஏற, நான் தணிகாசலத்தை நோக்கிக் கையை நீட்டி, "திருடன்!" என்று முழங்கினேன்.

அவர் கத்தவில்லை. தராசைத் துடைத்து உள்ளே வைத்தார். கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பூட்டினார். சாவியை மடியில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"திருடன் கையால நீங்க யாரும் எதுவும் வாங்க வேணாம். தாலுகா ஆபீஸ்லேந்து ஆள் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் எட போட மாட்டேன்."

கைதட்டல் நின்றது. தீபத்துக்கு முன்னால் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வருவது நடக்கிற காரியமா? விடியற்காலையிலிருந்து நின்ற வரிசை, தராசு இருந்த இடத்தைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

மஞ்சள் பையோடு முதலாவதாக நின்ற அம்மாள் டிரம் பக்கத்தில் வந்தார். "இன்னாபா, உன் வூட்ல சக்கரை இல்லன்னா எங்க வூட்லயும் இருக்கக் கூடாதா? எறங்கு கீழ!"

இறங்க எனக்கும் ஆசைதான். டிரம் ஆடியது. சுற்றிலும் ஆட்கள். ஏறும்போது இல்லாத உயரம் அதற்கு எப்படியோ வந்திருந்தது. யாரோ ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஓடினார்.

அண்ணி வந்தார். கையில் அரிசிமாவு ஒட்டியிருந்தது. கூட்டம் வழிவிட்டது. அந்தத் தெருவில் அண்ணிக்கு அப்படி ஒரு மரியாதை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அண்ணி, நம்ம சர்க்கரையை இவரு..." என்று மேலேயிருந்தே ஆரம்பித்தேன்.

அண்ணி கார்டை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு தவணையும் நான்தான் வாங்கினேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"அப்ப சர்க்கரை எங்க போச்சு?"

அண்ணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. கூட்டமும் பதிலுக்குக் காத்திருந்தது. அப்போது செல்வத்தின் குரல் ஈனஸ்வரத்தில் எழுந்தது.

"டேய்... அது நாம குடிச்சதுடா."

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சிரிக்காதவர்களைத் தேட வேண்டியிருந்தது. என் கண்முன் டம்ளர் டம்ளராகக் காபி ஓடியது. சபைக்குச் சர்க்கரைக் காபி போன நாட்களில் அண்ணியும் குழந்தைகளும் என்ன குடித்தார்கள் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வெல்லம் தீர்ந்துபோகாமல் எப்போதும் ஏன் இருந்தது என்பதும் புரிந்தது. டிரம்முக்குள் மூடி போட்டு உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது.

அண்ணி தணிகாசலத்திடம் போனார். "அண்ணே, எங்க வூட்டுப் புள்ள தெரியாம பேசிடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்க. கதவத் தொறங்க."

"நீ ஏம்மா கேக்கற? ஊரே கேக்கற மாதிரி திருடன்னு சொன்னது நீயா?"

அதில் நியாயம் இருப்பதை அண்ணி ஒப்புக்கொண்டார். இறங்குவதற்கு ஒரு காலைத் தொங்கவிட்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

"எறங்காதீங்க தம்பி. அங்கியே நில்லுங்க. திருடன்னு சொன்னீங்களே, அதே குரல்ல, சக்கரைய யாரு குடிச்சாங்கன்னு சொல்லிடுங்க."

கோபம் இல்லை, கேலி இல்லை. குழந்தைக்குச் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடச் சொல்லும் குரல். நான் காலை மேலே எடுத்துக்கொண்டேன்.

"சர்க்கரையைக் குடித்தது நான்தான்."

"பின்னால கேக்கல!" என்று தெருமுனையிலிருந்து ஒரு குரல். (யாரென்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.)

"சர்க்கரையைக் குடித்தது நான்தான்! இவர் நல்லவர்! மன்னிச்சுடுங்க!"

இந்த முறை வந்த கைதட்டல் முந்தையதைவிடப் பெரியது. தணிகாசலம் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துக்கொண்டே மடியிலிருந்து சாவியை எடுத்தார்.

"அண்ணே, நேரமாயிடுச்சு. கோணி புடிக்க ஆள் வேணும்ல? இவர வெச்சுக்கோங்க" என்றார் அண்ணி. சாயங்காலம் வரை மூட்டை தூக்கினேன், கோணி பிடித்தேன். மஞ்சள் பை அம்மாளின் பையையும் நான்தான் வீடுவரை கொண்டுபோய் வைத்தேன்.

தலையெல்லாம் தூசியோடு வீட்டுக்கு வந்தபோது அண்ணி வெந்நீர் வைத்திருந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, கிருஷ்ணாயில் எவ்ளோ பாக்கி?"

நான் அதைக் கேட்கவே இல்லை.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கார்டை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். அன்று அவர் திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

மறுநாள் சபை கூடாது என்றுதான் நினைத்தேன். எல்லோரும் வந்தார்கள், ஆளுக்கொரு சர்க்கரைப் பொட்டலத்தோடு. செல்வத்தின் பொட்டலம்தான் பெரியது. காபியும் வந்தது. அவன் மட்டும் சர்க்கரை கம்மியாகக் கேட்டான்.

பிறகு எனக்கு ஒரு வங்கியில் வேலை கிடைத்து, நாட்டைத் திருத்துவதை விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் என்னால் ஒரு பெரிய வார்த்தை பேச முடியாது. கல்யாணப் பேச்சு, சொத்துப் பேச்சு, எதுவானாலும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், "பின்னால கேக்கல!" என்று ஒரு குரல் வரும். அந்தச் சமயத்தில் பிறந்தே இருக்காத பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் வங்கியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டு, மைக் கொடுத்தார்கள். "நேர்மையும் உழைப்பும்தான் என்னை..." என்று ஆரம்பித்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய அண்ணியின் குரல் வந்தது.

"தம்பி, பின்னால கேக்கல."

மைக் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுக் குரலில், "சர்க்கரையைக் குடித்தது நான்தான்!" என்றேன். மேலாளர் பதறிப்போய் என் மனைவியைப் பார்த்தார். எங்கள் வீட்டு வரிசை இரண்டும் நாற்காலியிலிருந்து சரிந்து விழாத குறையாகச் சிரித்தன. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப கேக்குது. மேல பேசுங்க" என்றார்.