கொக்கிப் பின்னைக் காணோம், மாமா

என் கிரீசு மாமாவுக்கு,

போடிநாயக்கனூரிலிருந்து உங்கள் சந்திரவல்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், பசுவும், டிராக்டரும் சுகம். டிப்பருக்குத்தான் சுகமில்லை. அவ்விடம் தங்கள் சுகத்தைக் கேட்கலாமா, கேட்டால் தப்பாகுமா என்று சொல்ல எனக்கு ஆளில்லை. அதனால் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். இதை எந்தத் தபாலில் போடுவது என்றும் தெரியவில்லை. எழுதி முடித்ததும் உங்கள் போட்டோவுக்குப் பின்னால் சொருகி வைக்கிறேன். கரண்டு பில்லும் அங்கேதான் இருக்கிறது. அதைப் படித்துக் கத்துவதற்கு முன்னால் இதைப் படிக்கவும்.

கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் டிப்பரைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினீங்க. "மார்கழி பூரா இதுக்கு லீவு. பனியில மேட்டுப் பாதை வழுக்கும். கெடக்கட்டும், வைத்தியம் பாப்போம்" என்றீங்க. வருசா வருசம் செய்கிற மாதிரி கொக்கிப் பின்னைக் கழற்றித் துடைத்து, கிரீசு தடவி, துணியில் சுற்றி எங்கோ ஒளித்து வைத்தீங்க. டிராக்டரையும் டிப்பரையும் சேர்த்துப் பிடிப்பது அந்த முழ நீள ஆணிதான், அது இல்லாவிட்டால் எவனும் இரவல் என்று வந்து இழுத்துக்கொண்டு போக முடியாது என்பது உங்கள் கணக்கு. எங்கே வைத்தீங்க என்று கேட்டேன். "ஒங்கிட்டச் சொன்னா அன்னக்கொடிக்குத் தெரியும். அன்னக்கொடிக்குத் தெரிஞ்சா தேவாரம் ஊரு வரைக்கும் தெரியும்" என்று கூடப் பிறந்த தங்கச்சியையே இழுத்தீங்க. மறுநாள் காலையில் காப்பி டம்ளரைக் கையில் வாங்கி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று உட்கார்ந்தீங்க. டம்ளரைப் பிடித்துவிட்டேன். உங்களைப் பிடிக்க முடியவில்லை.

காரியம் முடிந்ததும் அன்னக்கொடி ஆரம்பித்தாள். "மதினி, தேவாரத்துல ஒரு பார்ட்டி டிப்பரு கேக்குறாக. குடுத்துருங்க. பொம்பளை வச்சு என்ன செய்யப் போறீக, அதுல ஏறி உக்காந்து வெத்தலையா போடப் போறீக?" எனக்குச் சுருக்கென்றது. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் முந்தல் மேட்டுத் தோட்டத்துக்கு முதல் எரு லோடு நம் டிப்பரில்தானே போகும்? அந்த லோடு போய்ச் சேர்ந்தால் டிப்பர் எனக்கு, போகாவிட்டால் தேவாரத்துக்கு என்று வாய் விட்டுவிட்டேன். உங்கள் கூட்டாளி கண்ணுச்சாமி அண்ணன், "நான் ஓட்டுறேன் தங்கச்சி" என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் நெஞ்சில் கை வைத்ததும் எனக்குப் பகீரென்றது, அதை விடுங்கள்.

வைத்தியத்தை நானே பார்ப்பது என்று இறங்கினேன். நீங்க பார்க்கும்போது நான் ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கக் கூடாதா? சோறு ஆறுது, சோறு ஆறுது என்று கத்தினதுதான் ஞாபகம் இருக்கிறதே தவிர, கிரீசை எங்கே வைத்தீங்க, எங்கே வைக்கவில்லை என்பது ஞாபகமில்லை. அதனால் எல்லா இடத்திலும் வைத்தேன். சக்கரத்தில், அச்சில், பின்கதவில், கதவின் கொண்டியில், ஏறுகிற படியில். அந்தப் படியில்தான் கண்ணுச்சாமி அண்ணன் காலை வைத்தார். வழுக்கி விழுந்தவர் எழுந்து நின்று, "மொக்கச்சாமி இருந்தா என்னைய இப்படி வரவேத்துருப்பானா?" என்று உங்கள் பேரைச் சொல்லிக் கேட்டார். நம் கோழிகள் வேறு டிப்பருக்கு அடியில் புகுந்து வந்து, இன்னும் கறுப்பாகத்தான் திரிகின்றன. விளக்கு வயரை எலி கடித்திருந்தது, அதை மெக்கானிக் ராஜ்கமல் வந்து சுற்றிக் கொடுத்தான். "அக்கா, சக்கரத்துக்குக் கிரீசு வச்சது சரி. வெளக்குக் கண்ணாடிக்கு எதுக்கு வச்சீக?" என்று மட்டும் கேட்டான். நான் பசுவுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

அப்புறம் ஆயில். தொட்டியைத் தூக்குகிற ஜாக்கிக்குத் தனி ஆயில் டப்பா இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. கண்ணுச்சாமி அண்ணன் டிராக்டரைக் கிளப்பித் தொட்டியைத் தூக்கினார். எட்டிப் பார்த்தால் டப்பாவில் பாதிதான் இருந்தது. ஐயோ, என் மாமா டிப்பர் பட்டினி கிடக்கிறதே என்று கழுத்து வரை ஊற்றினேன். தொட்டி மேலே போனால் ஆயிலும் ஜாக்கிக்குள் போய்விடும், இறக்கினால் அத்தனையும் டப்பாவுக்குத் திரும்பி வரும் என்று எனக்கு யார் சொன்னது? தொட்டி இறங்க இறங்க, மூடி பிய்த்துக்கொண்டு அடித்தது பாருங்க, கண்ணுச்சாமி அண்ணன் அன்றைக்கு என்று வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற வழியாம். போகவில்லை.

துரு விஷயம் வந்தபோது தெருவே கூடிவிட்டது. தொட்டி அடியில் எருத் தண்ணி நின்று நின்று துரு அரித்திருந்தது. நீங்க செய்கிற மாதிரி சுரண்டிவிட்டு ரெட் ஆக்சைடு அடிக்கலாம் என்று டப்பாவைத் திறந்தேன். அன்னக்கொடி ஓடி வந்தாள்.

"மதினி, என்ன செய்றீக? எங்கண்ணன் போயி ஒரு வருசம் ஆகல. வீட்டுக்கே வெள்ளையடிக்கக் கூடாது. அவரு டிப்பருக்கு மட்டும் பெயிண்டா?"

"இது பெயிண்ட் இல்லம்மா, துருவுக்கு மருந்து" என்றார் கண்ணுச்சாமி அண்ணன். "மருந்து குடிக்க ஒரு வருசம் காத்திருப்பாகளா?"

"மருந்துன்னா எதுக்குச் செவப்பா இருக்கு?"

"இருமல் மருந்து செவப்பா இல்லையா?"

அன்னக்கொடிக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. கடைசியில் பெரியவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெருவில் நிற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அடித்தால் மருந்து, தெரிகிற இடத்தில் அடித்தால் பெயிண்ட். அதனால் உங்கள் டிப்பர் உள்ளேயும் அடியிலேயும் சிவப்பாக இருக்கிறது, வெளியே பார்த்தால் துக்கத்தில் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கிறது, ஆனால் நேர்மாறாக. தெருவில் சிரிக்கிறேன்.

எல்லா வைத்தியமும் ஒருவழியாக முடிந்தது. பின்னை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அதைத்தான் காணோம். தவிட்டு மூட்டையில் தேடினேன். கட்டிலுக்கடியில், மாட்டுக் கொட்டகைக் கூரை மோட்டில், உங்கள் செருப்புப் பையில் எல்லாம் பார்த்தேன். செருப்புப் பையில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே தேடினேன், பின் இல்லை என்று தெரிந்த பிறகும். ராஜ்கமல் கடைப் பின் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். நம் கொக்கியின் ஓட்டை தேய்ந்து பெரிதாகி, அதற்கென்று தடியாக ஒரு பின் கடைந்து வாங்கியிருந்தீங்களே, அந்த ஓட்டைக்குள் இது சோளத்தட்டை மாதிரி ஆடியது. சும்மா மேட்டில் ஏற்றிப் பார்ப்போம் என்று கண்ணுச்சாமி அண்ணன் கிளம்பினார். மேட்டு முக்கில் பின் துள்ளி விழுந்தது. டிராக்டர் மேலே போனது, டிப்பர் தனியாகப் பின்னால் உருண்டு, அன்னக்கொடி வீட்டுக் கொல்லையில் எருவட்டிக் குவியலில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, ஆடு மாடு மனுசர் யாருக்கும் ஒன்றுமில்லை. அன்னக்கொடி இடுப்பில் கை வைத்து நின்று சொன்னாள்: "எங்கண்ணன் உசுரோட இருந்தப்பக்கூட எங்க வீட்டுக்கு இம்புட்டு வெரசா வந்ததில்ல. டிப்பராவது வந்துச்சே." சொல்லிவிட்டு அவளே அழுதாள். நானும் அழுதேன். கண்ணுச்சாமி அண்ணன் மட்டும் எருவட்டியைப் பொறுக்கி அடுக்கினார்.

அதே மாதிரி தடியாக இன்னொரு பின் கடைய, லேத்துப் பட்டறைக்காரர் பொங்கல் கழித்துத்தான் வருவாராம். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. போன வருசத்துக்கு முந்தின வருசம் டிப்பரை இரவல் வாங்கி அச்சை வளைத்துக் கொண்டுவந்தது இந்தக் கண்ணுச்சாமி அண்ணன்தானே, நீங்க பின்னை ஒளிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதானே என்று யோசனை போனது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, பின்னை எடுத்து வச்சிருந்தாச் சொல்லிருங்க."

அவர் கையில் இருந்த எருவட்டியைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நான் அச்சத்தான் வளைச்சேன். ஆணியத் திருடல" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், அப்புறம் நம் வாசல் பக்கம் வரவே இல்லை. சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை, மாமா. ஆனால் அவர் இல்லாவிட்டால் வேறு யார்?

இனி ஓட்ட ஆளும் இல்லை, மாட்டப் பின்னும் இல்லை. நாளை பொங்கல். இந்த வருசம் நம் வீட்டில் பொங்கல் இல்லை, பானை பரணிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. போன ரெண்டு வருசமும் பொங்கலன்று விடியுமுன்னே நீங்களே ஸ்டூல் போட்டு ஏறி, "நீ தொடாத, வெண்கலம், கனமா இருக்கும், நான் எறக்குறேன்" என்றீங்களே. இறக்கினதோடு விடாமல் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கழுவியும் கொண்டுவந்தீங்களே. இதைச் சொல்லிப் பெருமைப்படாத வீடு நம் தெருவில் இல்லை. அன்னக்கொடி இதைச் சொல்லிக் காட்டியே அவள் வீட்டுக்காரரைப் பானை கழுவ வைத்தாள்.

டிப்பரை விற்கிறேன், மாமா. நாளை மறுநாள் தேவாரத்துப் பார்ட்டி வருகிறார். லாரியில் ஏற்றிக்கொள்வார்களாம், பின் தேவையில்லையாம். எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. மன்னித்துக்கொள்ளவும். அங்கே இருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் என் கும்பிடைச் சொல்லவும். உங்கள் அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் கம்மியாகச் சொல்லவும். பனியில் தலையில் துண்டு கட்டாமல் அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைக் கேட்காத,
சந்திரவல்லி

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மடித்துச் சொருகப் போகிற நேரத்தில் அன்னக்கொடி வந்தாள். "பொங்க வைக்காட்டியும் பானைய எறக்கி, புளி போட்டு வெளக்கி வச்சிருவோம் மதினி. கறுத்துப்போனா அடுத்த வருசம் யாரு தேய்க்கிறது?" என்று அவளே ஸ்டூலில் ஏறினாள். ஏறினவள், "யாத்தே, என்ன மதினி, பானைக்குள்ள அம்மிக்கொழவியவா போட்டு வச்சிருக்கீக?" என்றாள். உள்ளே உங்கள் பழைய பனியன். பனியனுக்குள் பின்.

கண்ணுச்சாமி அண்ணன் வீட்டு வாசலில் போய்ப் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவரே பார்த்துவிட்டு, "திருடன் டிராக்டரு ஓட்டலாமா தங்கச்சி?" என்றார். "வாங்கண்ணே" என்றேன். "படியில கிரீசைத் தொடச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார். பின் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, மேட்டில் ஏற்றியும் பார்த்தாயிற்று. தேவாரத்துக்காரரை வர வேண்டாம் என்று அன்னக்கொடியே போன் போட்டுச் சொல்லிவிட்டாள். முதல் லோடு நம் டிப்பரில்தான் போகும்.

அது இருக்கட்டும், மாமா. காலி பண்ணின பானையை இப்போது நானே தூக்கிப் பார்த்தேன். ஒரு கனமும் இல்லை, ஒற்றைக் கையில் வருகிறது. நீ தொடாத, கனமா இருக்கும் என்று சொன்னீங்களே, அது எனக்காகவா, இந்தப் பின்னுக்காகவா?