மூன்றாம் ஓலையை நிறுத்திய மொட்டைக் கடிதம்

இராஜபாளையம்,
1900-ஆம் வருஷம் பிப்ரவரி 12, திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர், ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஞானசிகாமணி அவர்கள் சமூகத்துக்கு மாசிலாமணி தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் உமது தங்கை செல்லத்தாயும் மகள் ஜெயபாயும் ஆண்டவர் கிருபையால் சுகம். அவ்விடத்துச் சுகத்தை மறு தபாலில் தெரிவிக்கவும். எனக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டபடியால் நான் சொல்லச் சொல்ல ஜெயபாய்தான் எழுதுகிறாள். ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் எழுதும். ஏட்டி, இதையுமா எழுதுத? சரி, எழுது.

விஷயம் என்னவென்றால், நம் ஜெயபாய்க்கும் கான்சாபுரம் வேதக்கண் மகனுக்கும் நிச்சயித்த கல்யாணம் இழுத்துப் பறித்துக்கொண்டு நிற்கிறது. மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்து, ஆட்சேபணை உள்ளவர் உண்டா என்று சபையைக் கேட்ட பிறகுதானே நமக்குத் தாலி. முதல் ஓலை ஆயிற்று, இரண்டாம் ஓலையும் ஆயிற்று. மூன்றாம் ஓலைக்கு முதல் நாள் வேதக்கண் நம் குருவானவரிடம் போய், "ஐயரே, ஓலையை நிறுத்திப்போடுங்க. இந்த வருசம் கர்த்தர் வாரார். பொறவு ஆயிரம் வருசம் அவர் அரசாட்சி. அதுல கொள்வனை கொடுப்பனை கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இருபத்தெட்டாம் தேதி லெந்து நோன்பு தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது. இரண்டு ஓலையோடு நிற்கிற பெண்ணை ஊர் சும்மா விடுமா? "என்ன ஆட்சேபணையோ, யாரு சொன்னாவளோ" என்று கிணற்றடியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று செல்லத்தாய் சோறு தின்னாமல் கிடக்கிறாள். எனக்கும் நெஞ்சு வேகிறது.

நான் இதை நம்பவில்லை. கர்த்தர் வருவார் என்பதை நம்புகிறேன். வேதக்கண்ணுக்கு மட்டும் தேதி சொல்லிவிட்டு வருவார் என்பதை நம்பவில்லை. சாத்தூர்ப் பக்கம் வேறு பெண் அகப்பட்டிருக்கும், அதுக்கு இந்த ஆயிரம் வருஷம் ஒரு சாக்கு, இதுதான் என் அபிப்பிராயம். ஆகவே வியாழக்கிழமை வண்டிக்காரன் சோலைச்சாமியைக் கூட்டிக்கொண்டு துப்புத் துலக்கக் கான்சாபுரம் போனேன். திரும்பி வரும்போது உம்முடைய வீட்டு வாசல் வழியாகத்தான் வண்டி வந்தது. நான் இறங்கவில்லை. காரணம் கீழே வரும்.

எனக்குக் கண் அன்றைக்குச் சோலைச்சாமிதான். "ஐயா, வீட்டுக்குப் புது ஓடு போட்டிருக்கு" என்றான். குறித்துக்கொண்டேன். "தாழ்வாரத்துல மூணு ஜாடி ஊறுகாய் இருக்கு" என்றான். அதையும் குறித்துக்கொண்டேன். பின்பக்கம் போனால் பன்னிரண்டு குழி வெட்டி, பக்கீர் முகமது என்கிற கன்று வியாபாரி தென்னம்பிள்ளை இறக்கிக்கொண்டிருக்கிறார், வேதக்கண் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"சம்பந்தி, உலகம் முடியப்போகுதுன்னு ஓலையை நிறுத்தினீரு. தென்னம்பிள்ளை எதுக்கு?" என்றேன்.

"உலகம் முடியும்னு யாரு சொன்னா? கர்த்தர் இந்தப் பூமியில இருந்துதான் ஆயிரம் வருசம் ஆளப்போறாரு. அம்புட்டு வருசத்துக்கும் எளநி வேண்டாமா?"

"புது ஓடு?"

"அப்பம் மழை பெய்யாதுன்னு வேதத்துல எங்க இருக்கு?"

"மழையும் உண்டு, எளநியும் உண்டு, ஊறுகாயும் உண்டு. கலியாணம் மட்டும் கெடையாதோ?"

"உயிர்த்தெழுந்தவங்களுக்குக் கலியாணம் கெடையாது ஓய்."

"உம்ம மகன் உயிர்த்தெழணும்னா மொதல்ல சாகணுமே ஐயா. அவன் அந்தா வாய்க்கால்ல மாடு குளிப்பாட்டிக்கிட்டு நிக்கான்."

 வேதக்கண் இருமிக்கொண்டே கன்றுகளை மறுபடியும் எண்ண ஆரம்பித்தார். பக்கீர் முகமதுதான் கன்றைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கும் கடைசி நாளு, கியாமத்து நாளு உண்டு அண்ணாச்சி. ஈசா நபி வருவாரு. அந்த நாளே வந்தாலும் கையில இருக்கிற கன்னை நட்டுட்டுத்தான் நிமிரணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. கலியாணத்தை நிறுத்தச் சொன்னதா நான் கேள்விப்படலை" என்றார். சோலைச்சாமி தன் பங்குக்கு, "எங்க கலியுகம் முடிய இன்னும் நாலு லட்சத்துச் சொச்சம் வருசம் கெடக்கு. எங்க கணக்குல வச்சு முடிச்சிருங்களேன்" என்றான். வண்டிக்காரன் கூட வாய்கொடுக்கிற நிலைமைக்கு நம் குடும்பம் வந்துவிட்டது, மச்சான்.

வேதக்கண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் வேதபுஸ்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துவந்து, "நானாவா சொல்லுதேன்? பெரிய பண்டிதர் யாரோ எழுதியிருக்காவ, பாரும்" என்று நீட்டினார். கையெழுத்தில்லாத மொட்டைக் கடிதம். தானியேல் தரிசனத்து மூன்றரைக் காலத்தின் நாள்களை வருஷமாக்கினால் 1260, அதோடு 640-ஐக் கூட்டினால் 1900, ஆகவே இந்த வருஷம் எக்காளம் ஊதும், ஓலை வாசித்து வைத்திருப்பவர்கள் நிறுத்திவைப்பது உத்தமம் என்று கண்டிருப்பதை அவரே வாசித்துக் காட்டினார். உறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் முத்திரை என்றும் சொன்னார். கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் ஜெயபாயிடம் கொடுத்து, எழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாப் படிச்ச ஆம்பளை எழுத்து மாதிரி இருக்குப்பா" என்றாள்.

மச்சான், ஒளிக்காமல் கேட்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதமும் கணக்கும் ஒருசேரத் தெரிந்தவர் உம்மைத் தவிர யார்? இந்தச் சம்பந்தம் பேசின நாளிலேயே, "பிள்ளை நல்லாப் படிக்குது, பாளையங்கோட்டை டிரெய்னிங் ஸ்கூலுக்கு அனுப்பும்" என்று என் காதைத் தின்றவர் நீர்தானே? முதல் ஓலை வாசித்த வாரம் உம் சம்சாரத்துக்குக் காய்ச்சல் என்று ஜெயபாய் உம் வீட்டில் தங்கியிருந்தாள். "மாமா அப்பம் ஏதாவது எழுதினாரா?" என்று அவளை விசாரித்தேன். "மாமா எப்பமும் எழுதிக்கிட்டுத்தான் இருப்பாவ" என்றாள். பிள்ளைக்குச் சூதுவாது தெரியாது, உள்ளதைச் சொல்லிவிட்டது. உம்முடைய வாசலில் நான் ஏன் இறங்கவில்லை என்று இப்போது விளங்குகிறதா? முகத்தைப் பார்த்தே களவாணியைச் சொல்லுகிறவன் நான். உம்முடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நீர் எழுதவில்லை என்றால் உடனே புறப்பட்டு வாரும். நாம் இரண்டு பேரும் வேதக்கண்ணிடம் போய், லெந்துக்கு முன்னே மூன்றாம் ஓலையை வாசிக்க வைப்போம். யார் எழுதியிருந்தாலும் சரி, எழுதின அந்தக் கை விளங்காமப் போக. இந்த இடத்தில் மை கொட்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். பிள்ளை மைக்கூட்டைத் தட்டிவிட்டது, பாவம். எவ்வளவு ஆசையோடு இருந்திருக்கும்.

உம் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். உம்மேல் சந்தேகம் இருந்தாலும், உம்முடைய வீட்டில் சமாதானமும் கொட்டிலில் பாலும் குறையாதிருக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
மாசிலாமணி,
முன்னாள் ஸ்டேஷன் ரைட்டர்.

பின்குறிப்பு: மாமா, இது ஜெயபாய். அப்பா கை கழுவப் போயிருக்கிறார்கள். அப்பா சொன்னதை ஒரு எழுத்தும் விடாமல் எழுதியிருக்கிறேன். அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது நான்தான். அத்தைக்குக் கஷாயம் வைத்த நேரம் போக, உங்கள் மேசையில் உட்கார்ந்து, பெரியவர்கள் எழுத்து மாதிரி இருக்கட்டும் என்று உங்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பழி உங்கள்மேல் வரும் என்று நினைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். 640 எந்த ராஜாவின் காலம் என்று வேதக்கண் மாமாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. 1900 வர வேண்டுமென்றால் அதைத்தான் கூட்ட வேண்டியிருந்தது. மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படித்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்று நான்கு தடவை வாயால் கேட்டேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. தானியேல் பேரில் எழுதினால்தான் கேட்கிறார்கள். கர்த்தர் என்னை மன்னிப்பாரா என்று தினமும் அழுகிறேன். லெந்து தொடங்குகிற வரைக்கும் நீங்கள் இங்கே வராதீர்கள், ஈஸ்டர் முடிந்ததும் டிரெய்னிங் ஸ்கூல் விண்ணப்பப் பாரத்தோடு வாருங்கள். அப்பாவிடம் உண்மையை நானே சொல்லிக்கொள்கிறேன். வேதக்கண் மாமா கேட்பது ஆயிரம் வருஷம். எனக்கு ஒரு வருஷம் போதும், மாமா.