கியர் ஆயிலுக்கு நான் சொன்ன 'செரிங்க'

எனக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. அது ஒரு குறை என்று ஒப்புக்கொள்ளவே நாற்பது வயதாயிற்று. கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்பது என் வேலை. போனில் யார் எவ்வளவு திட்டினாலும் 'செரிங்க, செரிங்க' என்பேன். எங்கள் ஊரில் அதற்கு 'ஒத்துக்கொள்கிறேன்' என்று ஒரு பொருள். 'காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்' என்று இன்னொரு பொருள். நான் இரண்டாவதில் சம்பளம் வாங்குகிறவன்.

நாலு வருடத்துக்கு முன் உடுமலைப்பேட்டையிலிருந்து மாமனாரும் மாமியாரும் எங்கள் வீட்டுக்குக் காரில் வந்திருந்தார்கள். முழங்கால் வலியால் கிளச் மிதிக்க முடியாமல் மாமனார் வாங்கிய ஆட்டோமேட்டிக் கார் அது. பத்து வருடமாக அதை வேறு யாரும் ஓட்டியதில்லை. முதல்முறையாக என்னை நம்பிச் சாவியைக் கொடுத்தார். (பெண்ணைக் கொடுத்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை.)

"இஞ்சின் ஆயில் மட்டும் மாத்தீட்டு வாங்க மாப்ள. கியர் பொட்டியில கை வெக்க உட்டுறாதீங்க" என்றார். கியர் ஆயில் மாற்றிய அடுத்த வாரமே அவருடைய சிநேகிதர் காரில் கியர் நழுவ ஆரம்பித்துவிட்டதாம். ஓடுகிற வண்டியை நோண்டக் கூடாது என்பது அவர் கட்சி. மறுநாள் காலை அதே காரில் எல்லோரும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

போத்தனூர்ப் பட்டறையில் மெக்கானிக் சம்பத் காருக்கடியில் பார்த்துவிட்டு வந்து ஒரு வகுப்பே எடுத்தார். கியர் ஆயில் கறுத்துவிட்டது, ஃபில்டரும் அடைத்திருக்கும், இரண்டையும் மாற்றுவது நல்லது. ஆனால் ரொம்ப நாள் மாற்றாத வண்டி என்றால் சிலது மாற்றிய பிறகு மக்கர் பண்ணவும் பண்ணும். வாக்கியத்துக்கு வாக்கியம் நான் 'செரிங்க' போட்டேன். அப்போது ஆபீஸ் போன் வந்தது. "அப்பக் கழட்டிப்போடட்டுங்களா?" என்று அவர் கேட்டாராம். அதற்கும் செரிங்க என்றிருக்கிறேன்.

டீ குடித்துவிட்டு வந்தால் காருக்கடியில் ஒரு தொட்டி நிறையக் கன்னங்கரேலென்று எண்ணெய். இஞ்சின் ஆயிலா என்று கேட்டேன்.

"அது அப்பவே முடிஞ்சுதுங்ணா. இது கியர் ஆயிலு. நீங்கதானுங்களே செரின்னீங்க?"

"கேட்டுட்டு இருக்கறேன்னு சொன்னனுங்க."

பழைய எண்ணெயையே திரும்ப ஊற்றிவிடலாமா என்றுகூடக் கேட்டேன். (பதில் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.) ஃபில்டரைக் காட்டினார், வண்டல் அப்பியிருந்தது. தேய்ந்த இரும்பைப் பிடிக்க அடித்தட்டில் வைத்திருக்கும் காந்தத்தில் துண்டு ஏதும் இல்லை, பொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றார். எனக்கு எதுவும் ஏறவில்லை. மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் செய்தவர்கள் பேரைச் சொல்லி மிளகாய் அரைப்பார்கள். மாமியார் பஸ் பிடித்தாவது போய் என் பேரில் அரைப்பார் என்று உறுதியாகத் தெரிந்தது.

புது ஃபில்டர், புது ஆயில் எல்லாம் முடிந்ததும் என்னையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கியரைப் போட்டேன். கார் நகரவில்லை. மிதித்தேன். இஞ்சின் உறுமியதே தவிர கார் இம்மி அசையவில்லை. "போயிருச்சுங்க, எல்லாம் போயிருச்சுங்க" என்று கத்தினேன். சம்பத் காலை எடுக்கச் சொன்னார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டார். பயத்தில் நானே இரண்டு கையாலும் இழுத்து வைத்திருந்தேன். கார் அலுங்காமல் நகர்ந்தது. பட்டறை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாள் பின்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கியர் மாறும்போதும் அம்மனைக் கூப்பிட்டேன். பொள்ளாச்சி தாண்டும்போது மாமனார், "இஞ்சின் ஆயில் மாத்துனதுக்கே வண்டி இத்தன சொகமாப் போகுதே" என்று வியந்தார். அதற்குமேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

காரை ஓரங்கட்டினார். இஞ்சினை அணைத்தார்.

"நானே ரெண்டு வருசமா மாத்தோணும் மாத்தோணும்னுதான் இருந்தனுங்க மாப்ள" என்றார் மெதுவாக. "பயமா இருந்துச்சு."

என் ஆயுளில் அப்படி ஒரு நிம்மதியை அனுபவித்ததில்லை. அந்தக் கியர் இன்றுவரை ஒருமுறைகூட நழுவவில்லை.

ஆனால் வீட்டில் என் செரிங்கவுக்கு மதிப்புப் போய்விட்டது. எதற்குச் சொன்னாலும், "இது ஒண்ணாம் நெம்பரா, ரெண்டாம் நெம்பரா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள். போன மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என் மனைவி, "ஏனுங்க, என்னையக் கட்டிக்கறீங்களான்னு கேட்டப்ப செரிங்கன்னீங்களே, அது எந்த நெம்பரு?" என்றாள்.

"ஒண்ணுதான் அம்மணி, சத்தியமா" என்றேன்.

மாமனார் இலையிலிருந்து நிமிரவே இல்லை. "இப்பக் கேட்டு என்ன கண்ணு பண்ணறது" என்றார், "பொட்டியத்தான் அப்பவே கழட்டிப்போட்டாங்களே."